சிங்கப்பூர் ரயிலில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசலாமா?

பொங்கோல் அக்கா:
நேற்று மாலை பொங்கோலிலிருந்து தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு, ரயிலில் வந்தேன். எதிரே ஓர் அம்மா, ஸ்பீக்கரில் மகளோடு வீடியோ கால். கோவன் நிலையம் வருவதற்குள் மாப்பிள்ளையின் கடன் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது, சிராங்கூன் வருவதற்குள் வட்டியும் தெரிந்துவிட்டது. ரயிலில் தின்றால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்று பலகை தொங்குகிறது. ஊர்க் கதையை எங்கள் காதில் கொட்டுவதற்கு என்ன அபராதம்?

துவாஸ் தம்பி:
அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். எனக்கு ஞாயிறு ஒரு நாள்தான் விடுப்பு. மற்ற நாளில் வேலை முடிந்து லாரியில் தொழிலாளர் விடுதிக்குப் போய்ச் சேர இரவு பத்தரை. ஊரில் அப்போது எட்டு மணி, மகள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். விடுதி அறையில் பேசினால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் திட்டுவான். ஞாயிறு தேக்காவுக்கு வரும் ரயிலில்தான் அவள் முகத்தை நிதானமாகப் பார்க்கிறேன். அதுவும் கூடாதா?

பொங்கோல் அக்கா:
பேசாதே என்று யார் சொன்னது? முஸ்தபா கடையில் இயர்போன் விற்கிறார்களே, ஒன்று வாங்கி மாட்டு தம்பி. மகள் சொல்வது உனக்குக் கேட்டால் போதாதா?

துவாஸ் தம்பி:
இருக்கிறது அக்கா. ஆனால் பக்கத்தில் ஊர்க்காரன் உட்கார்ந்திருப்பான், அவனும் பாப்பாவிடம் ரெண்டு வார்த்தை பேசுவான். ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொள்வதா?

காடி ஓட்டி:
நான் வாடகைக் காடி (கார்) ஓட்டுகிறேன். ஓட்டும்போது கையில் போனைப் பிடித்திருந்தாலே குற்றம். முதல் தடவைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். சட்டம் நியாயம்தான். ஆனால் பின் சீட்டில் இருப்பவர் ஸ்பீக்கரில் கத்தும்போது நான் சாலையைப் பார்ப்பதா, அவருடைய விவாகரத்தைக் கேட்பதா? குரலைக் குறையுங்கள் என்று சொன்னால் எனக்கு மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கும்.

புளோக் தாத்தா:
ஒன்று கவனித்தேன். போன வாரம் பேருந்தில் என் வயதுக்காரர் ஒருவர் ஹொக்கியன் (சீன வட்டாரமொழி) பாட்டை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். யாரும் திரும்பவில்லை. இரண்டு நிறுத்தம் கழித்து ஒரு தமிழ்ப் பையன் ஏறினான், போனில் சாதாரணக் குரலில்தான் பேசினான், நாலு பேர் முறைத்தார்கள். சத்தம் பிடிக்கவில்லையா, மொழி பிடிக்கவில்லையா?

பொங்கோல் அக்கா:
தாத்தா, நானும் தமிழச்சிதான். அந்த அம்மா பேசிய ஒவ்வொரு வார்த்தையும் புரிந்ததால்தான் எனக்குத் தலைவலி. நிலப் போக்குவரத்து ஆணையம் 'ஹஷ்-ஹஷ் ஹன்னா' என்று ஒரு கேலிச்சித்திரப் பெண்ணை வைத்து, சத்தத்தைக் குறையுங்கள் என்கிறது. அது எல்லா இனத்துக்கும்தானே?

புளோக் தாத்தா:
சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மாவிடம் நேரில் சொன்னாயா?

பொங்கோல் அக்கா:
இல்லை. வெட்கமாக இருந்தது.

துவாஸ் தம்பி:
படம் பிடித்தீர்களா அக்கா? என்னையும் ஒரு தடவை பிடித்துப் போட்டுவிட்டார்கள். திரையில் இருந்த என் மகள் முகமும் அதில் வந்துவிட்டது.

பொங்கோல் அக்கா:
எடுத்தேன் தம்பி. இருபது விநாடி. யாருக்கும் அனுப்பவில்லை. இப்போதே அழித்துவிடுகிறேன்.

துவாஸ் தம்பி:
அழித்துவிடுங்கள் அக்கா. நான் அடுத்த ஞாயிறு இயர்போன் மாட்டிப் பார்க்கிறேன். ஊர்க்காரன் என்ன சொல்வானோ.