ஓடும்போது துப்பாக்கி இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பிளேனோ_விடிகாலை

வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு, துப்பாக்கி எடுத்துச் செல்ல டெக்சஸ் தரும் எல்டிசி லைசென்ஸ் இரண்டும் உண்டு. வேலை நேரம் அப்படி, காலை நாலே முக்காலுக்குத்தான் ஓட முடிகிறது. இரண்டு மாதம் முன்பு ஒரு பிக்கப் வண்டி விளக்கை அணைத்துவிட்டு அரை மைல் தூரம் என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அதிலிருந்து என் சிறிய கைத்துப்பாக்கி சிக் பி365-ஐ எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டையில் வைத்திருக்கிறேன். முதல் மைல் சரி. இரண்டாவது மைலில் வியர்த்ததும் பட்டை சுழல ஆரம்பிக்கிறது, துப்பாக்கி தொப்புள் பக்கமிருந்து இடுப்பெலும்புக்குப் போய்விடுகிறது. நனைந்த டிஷர்ட்டில் பிடி அப்படியே அச்சாகத் தெரிகிறது. நேற்று ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன், பாதித் துப்பாக்கி வெளியே வந்து நின்றது. கை நடுங்கிவிட்டது. இன்னும் இறுக்கமான பட்டை வாங்கலாமா?

கேட்டி_சித்தப்பா

முதலில் ஒன்று சொல்லும்மா. அந்தப் பட்டையில் துப்பாக்கி உட்காரும் இடம் வெறும் துணியா, உள்ளே கெட்டியான கூடு இருக்கிறதா? சேம்பரில், அதாவது சுடத் தயாராகக் குழாயின் பின்முனையில், தோட்டா இருக்குமா?

பிளேனோ_விடிகாலை

வெறும் துணிதான். மேலே ஒரு பட்டன் பட்டி. சேம்பரில் தோட்டா இருக்கும். பி365-இல் கையால் போடும் தனி சேஃப்டி பூட்டு இல்லாத மாடல்.

கேட்டி_சித்தப்பா

அப்படியென்றால் நாளைக் காலை அதைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டாம். ஆட்டம் இருக்கட்டும், ட்ரிக்கரைப் பற்றித்தான் எனக்குப் பயம். துணி வழியாக ஒரு விரலோ, இடுப்பில் மாட்டிய சாவியோ ட்ரிக்கரை அழுத்த முடியும். ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்தை முழுசாக மூடும் கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) கூடு கட்டாயம் வேண்டும்.

அடுத்தது ஆட்டம். பி365, தோட்டா அடுக்கும் மேகசின் காலியாக இருக்கும்போது, சுமார் 500 கிராம். பத்துத் தோட்டா போட்டால் 600-ஐத் தாண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கனம். அதை எலாஸ்டிக்கில் தொங்கவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் எலாஸ்டிக் நீளும், சுருங்கும். இறுக்கிக் கட்டினால் மூச்சு வாங்கும், ஆட்டம் நிற்காது. நீளாத, அகலம் குறைவான பெல்ட் ஒன்று வேண்டும். அது ஷார்ட்ஸை நம்பாமல் உடம்போடு தனியாக நிற்க வேண்டும். ஃபில்ஸ்டர் எனிக்மா மாதிரி அமைப்புகள் அதற்கென்றே வந்தவை. கைடெக்ஸ் கூடு ஒரு தகட்டில் திருகியிருக்கும், தகடு தன் பெல்ட்டில் நிற்கும். நீங்கள் என்ன ஷார்ட்ஸ் போட்டாலும் அதற்குக் கவலையில்லை. தொடையைச் சுற்றி ஒரு மெல்லிய வாரும் உண்டு, மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ளும்.

இடம்: நடுத்தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம், இடுப்பெலும்புக்கு மேலே. நடக்கும்போது சரியாக இருக்கும் எல்லா இடமும் ஓடும்போது சரிவராது, தொடை உயர்ந்ததும் துப்பாக்கிக் குழாயை இடிக்கலாம். இதைக் கடையில் நின்றபடி போட்டுப் பார்த்தால் தெரியாது.

துப்பாக்கியைக் காலி செய்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே குதித்துப் பாருங்கள். உட்கார்ந்து எழுந்து, புரண்டு, கடைசியில் டிரெட்மில்லில் அரை மணி. அதில் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் திருகை மாற்றுங்கள்.

அப்புறம், எப்போதாவது கீழே விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். விழட்டும். பிடிக்கப் போகிற விரல் ட்ரிக்கருக்குள் போய்விடும்.

ஆஸ்டின்_மாமி

எனக்கு இருபது வருஷமாக ஓட்டம்தான் மருந்து. ஓடும்போது என்னைத் துரத்தியதெல்லாம் நாய்தான். கையில் மாட்டும் பெப்பர் ஸ்ப்ரே இருக்கிறதா உன்னிடம்? நாயைப் பார்த்துத் தெருவில் சுட்டால் தோட்டா யார் வீட்டுச் சுவரில் போய் நிற்கும் என்று யார் சொல்வது? துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் கை போக வேண்டியது ஸ்ப்ரேக்குத்தான். பிக்கப் வண்டிக்கும் முதல் மருந்து பாதையை மாற்றுவதும், போனை எடுத்துப் பேசுவதும்தான்.

ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு ஓடும் பெண்களையும் பார்க்கிறேன். ஸ்ட்ரோலர் பையில் துப்பாக்கி வைக்கிறார்களாம்! குழந்தை கைக்கு எட்டும் தூரம். தயவுசெய்து வேண்டாம்.

ஐடி_தம்பி

நான் எச்1பி-யில் இருக்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, நானும் ஒன்று வாங்கலாமா?

கேட்டி_சித்தப்பா

தம்பி, நில். அது மாநிலச் சட்டம், 21 வயது ஆகி, துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்களுக்கு. எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி நீயாக இறங்காதே. மாட்டினால் ஜெயில், விசா இரண்டும் கேள்விக்குறி. வக்கீலைக் கேள். அதுவரை மாமி சொன்ன ஸ்ப்ரே போதும்.

ரிச்சர்ட்சன்_ராவுத்தர்

பாதையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. மாநில லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு, அதனால் உங்கள் எல்டிசி-யைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப்போகிறவர்கள் இந்த ஊரில் எந்தத் தெருவில் ஓடினாலும் ஒரு பள்ளியைத் தாண்டித்தான் ஆகணும். பள்ளி மைதானத்து ட்ராக் பக்கம் எடுத்துப் போகவே வேண்டாம்.

கிரேப்வைன், லவோன் ஏரிக்கரைகள் ராணுவப் பொறியாளர் படையின் இடம். மாநில லைசென்ஸ் கையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்த ஏரி அலுவலகத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஒயிட் ராக் ஏரி டாலஸ் நகராட்சியுடையது, அது வேறு கதை. ஜிம் வாசலில் 30.06 என்ற எண்ணோடு பலகை இருந்தால் மறைத்துக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதற்காகக் காரில் வைத்துவிட்டுப் போவதும் சரியில்லை, கார் கண்ணாடி உடைத்துத் திருடுபவர்கள் தேடுவதே அதைத்தான். ஜிம் நாளில் வீட்டுப் பெட்டகத்திலேயே பூட்டி வைத்துவிடுங்கள்.

பிளேனோ_விடிகாலை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கைடெக்ஸ் கூடும் தனி பெல்ட்டும் வாங்கினேன். முதல் நாள் ஓடி வந்து பார்த்தால் வயிற்றில் பெல்ட் பக்கிள் அளவுக்குச் சிவப்பு. உள்ளே மெல்லிய பனியன் போட்டதும் அது நின்றது. தொடை வாரை முதலில் வேண்டாமென்று கழற்றி வைத்திருந்தேன், அதை மாட்டிய பிறகுதான் குதிப்பு அடங்கியது. டிரெட்மில்லில் காலித் துப்பாக்கியோடு ஒன்பது நாள், பிறகுதான் வெளியே. ஐந்து மைல் ஓடியும் நகரவில்லை. ஸ்ப்ரே இடது கையில்.

இப்போது புதுப் பிரச்சினை. மேகசினின் அடிப்பக்க இரும்பு ஓரத்தில் செம்பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ வருகிறது.

கேட்டி_சித்தப்பா

துருதான், வியர்வை உப்பு. ஓடி வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, குளிக்கப் போகும் முன்பே துடைத்துவிடுங்கள். மேகசினைப் பிரித்துத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயை விரலில் தேய்த்து வெளிப்பக்கம் மட்டும் பூசுங்கள், தோட்டா மேல் படக்கூடாது. கூட்டையும் குழாயடியில் காட்டிக் கழுவிக் காயவையுங்கள். நனைந்த தோட்டாக்களைத் தனியே எடுத்து வைத்து அடுத்த முறை சுடும் பயிற்சி ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டு, புதுசு போடுங்கள்.

ஆஸ்டின்_மாமி

ஸ்ப்ரே டப்பாவிலும் காலாவதித் தேதி இருக்கும், பாரும்மா. என்னுடையது போன வருஷமே முடிந்துவிட்டது, இன்றைக்குத்தான் பார்த்தேன்.