அஸ்தம்பட்டி பொம்மைக் குழு: ஞாயிறு ஏற்காடு

வியாழன்

[காலை 9:14] தீபன்: வணக்கம்ங்க. ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல பொம்மைங்களைப் படம் எடுக்கப் போறோம்ல, அதுக்கு இந்தப் பார்பியைத்தான் கொண்டு வரலாம்னு இருக்கேன். பழைய சாமான் கடையில கிடைச்சது. முதுகுக்குக் கீழ 1966-ன்னு அச்சு இருக்கு, தலையோட கழுத்து விளிம்புல 1976. எது சரி?

[காலை 9:15] தீபன்: (3 படங்கள்)

[காலை 9:31] மல்லிகா டீச்சர்: ரெண்டுமே பொம்மை செஞ்ச வருஷம் இல்லப்பா. 1966 அந்த இடுப்பு திரும்பற உடம்போட வார்ப்புக்கு உரிமை பதிஞ்ச வருஷம். 1976 அந்தப் பல் தெரிய சிரிக்கற ‘சூப்பர்ஸ்டார்’ முகத்துக்கு. அதே வார்ப்புல 90கள் வரைக்கும் ஊத்திக்கிட்டே இருந்தாங்க. கீழ நாட்டுப் பேர் இருக்கா பாரு.

[காலை 9:33] தீபன்: இந்தியான்னு இருக்குங்க டீச்சர்.

[காலை 9:40] மல்லிகா டீச்சர்: அப்போ இந்தியாவுல பார்பி செஞ்ச லியோ மேட்டல் கம்பெனி காலத்துப் பொம்மை. புடவை கட்டின பார்பியும் அவங்க போட்டாங்க. நல்ல பொம்மைப்பா, பத்திரமா வச்சுக்க. 1966-ன்னு முதுகைக் காட்டி விலை ஏத்திச் சொன்னா மட்டும் நம்பாதே. பார்பி கடைக்கு வந்ததே 1959-ல. அப்போ வந்த உடம்புக்கு இடுப்பு திரும்பாது, முழங்காலும் மடங்காது.

[காலை 9:44] தீபன்: கால் ரெண்டும் பிசுபிசுன்னு இருக்கு. கையில பேனா மை. முடி மொத்தமும் சிக்கு.

[காலை 9:52] மல்லிகா டீச்சர்: ஒவ்வொண்ணா சொல்றேன், பொறுமையா படி.

கால்: அது அழுக்கு இல்ல. பிவிசி, அதாவது வினைல் பிளாஸ்டிக், வளையணும்னு கலக்கற மென்மையாக்கி வருஷம் போகப் போக மேல கசியுது. நம்ம சேலத்து வெயிலுக்கு இன்னும் சீக்கிரம் கசியும். பாத்திரம் தேய்க்கற லிக்விட் 2 சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, பழைய மெத்து பிரஷ். கழுவி நல்லா காஞ்ச பிறகு சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவி, அரைமணி நேரம் கழிச்சுத் துடைச்சிடு. இது தீர்ற வியாதி இல்ல. சில மாசத்துல திரும்பக் கசியும், திரும்பக் கழுவணும். பிளாஸ்டிக் கவர்ல கட்டி மட்டும் வைக்காதே. கவர் காலோட ஒட்டிக்கும், பிரிச்சா தடம் விழும். ரப்பர் பேண்டும் கூடாது.

[காலை 9:58] மல்லிகா டீச்சர்: மை: மருந்துக்கடையில முகப்பருவுக்குக் கொடுக்கற பென்சாயில் பெராக்சைடு ஜெல், 2.5 இல்லன்னா 5 சதவீதம். பல்குத்தற குச்சி நுனியில தொட்டு மை இருக்கற கோட்டு மேல மட்டும் வை. மேல சின்னதா ஒரு பிளாஸ்டிக் துண்டு மூடினா காயாது. வெயில்ல 3 மணி நேரம், கழுவிப் பாரு, போகலைன்னா மறுநாள் திரும்ப. ஒரே நாள்ல போகணும்னு நாள் பூரா வெயில்ல விட்டா சுத்தி இருக்கற வினைலும் வெளுத்துப்போய் வெள்ளைத் திட்டு ஆயிடும். மாநிறப் பொம்மைக்கு அது உடனே தெரியும். கண், புருவம், உதடு பக்கம் கொண்டே போகாதே, பெயின்ட் வெளுக்கும்.

[காலை 10:05] ரேவதி அக்கா: முடிக்கு நான் சொல்றேன் டீச்சர். தீபன், முதல்ல ஷாம்பு, அப்புறம் துணிக்குப் போடற கண்டிஷனர் 1 ஸ்பூன் ஒரு டம்ளர் தண்ணியில கலந்து முடியை மட்டும் அரைமணி ஊற விடுங்க. சீப்பு இரும்புப் பேன்சீப்பு. நுனியில இருந்து ஆரம்பிச்சு விரல் அகலம் விரல் அகலமா மேல வாங்க. உச்சியில இருந்து இழுத்தீங்கன்னா வேரோட வந்துடும், அந்த ஓட்டைக்குத் திரும்ப முடி நடறது தனி வேலை.

[காலை 10:08] ரேவதி அக்கா: நேரா நிக்கணும்னா சுடுதண்ணி ஊத்தணும். கொதிச்சதும் இறக்கி 3, 4 நிமிஷம் விட்டு ஊத்துங்க, உடனே பச்சைத்தண்ணி. நைலான் முடி சூட்டைத் தாங்கும், சரான்ங்கற இன்னொரு செயற்கை முடிக்கு அதைவிடக் கம்மியா வேணும், ரொம்ப சூடானா நூடுல்ஸ் மாதிரி சுருண்டுக்கும். என்ன முடின்னு தெரியலைன்னா பின்கழுத்து அடி வரிசையில நாலு இழைக்கு ஊத்திப் பார்த்துட்டு மிச்சத்துக்குப் போங்க.

[காலை 10:10] மல்லிகா டீச்சர்: முடிச்சதும் தலையை அமுக்கி உள்ள இருக்கற தண்ணியை வெளிய எடுத்துடு. தலை உள்ள வெத்து. வேர் ஓட்டை வழியா தண்ணி இறங்கி நிக்கும், ரெண்டு நாள்ல பூஞ்சை. மேல ஏற்காட்டுல காத்தே ஈரம்.

[காலை 10:21] தீபன்: உதட்டுல பெயின்ட் கொஞ்சம் போயிருக்கு. முகத்தையே புதுசா வரைஞ்சிடலாமா? அசிட்டோன் வாங்கி வச்சிருக்கேன்.

[காலை 10:22] மல்லிகா டீச்சர்: வேண்டாம்.

[காலை 10:26] மல்லிகா டீச்சர்: வரைஞ்ச முகம் எத்தனையோ பண்ணலாம், கம்பெனி முகம் போனா போனதுதான். இந்த வார்ப்புல இந்தியாவுல வரைஞ்ச கண் வெளிநாட்டுல வரைஞ்சதில இருந்து தனியா தெரியும். அதை அழிக்க எனக்கு மனசு வராது. உதட்டுக்கு மட்டும் அக்ரிலிக், பூஜ்யம் நம்பரைவிட மெல்லிசான பிரஷ், ஒரு சொட்டுக்கு ஒரு சொட்டு தண்ணி. முழு முகம் பழகணும்னா இப்போ கடையில இருக்கற விலை கம்மியான பொம்மையை எடு. அப்பவும் அசிட்டோன் தலைக்கு மட்டும். மார்பு உடம்பு ஏபிஎஸ்ங்கற கெட்டிப் பிளாஸ்டிக், அதுல பட்டா கரைஞ்சு இளகிடும்.

[காலை 10:30] ஜாபர் அண்ணன்: முகம் வரைஞ்சா பெயின்ட் போகாம இருக்க மேல மேட் ஸ்ப்ரே அடிக்கணும்ல, அதை ஏற்காட்டுல வச்சு யாரும் அடிச்சிடாதீங்க. காத்துல ஈரம் 60, 65 சதவீதத்துக்கு மேல போனா வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆகிடும். சேலத்துல மத்தியானம் 12-ல இருந்து 3-க்குள்ள, மொட்டை மாடி, ஸ்ப்ரே ஆவிக்கான ஃபில்டர் போட்ட மாஸ்க். துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது.

வெள்ளி

[மாலை 6:40] தீபன்: கால் சரியாயிடுச்சு. முடியும் படிஞ்சிடுச்சு. மை பாதி போயிருக்கு. ரேவதி அக்கா, புடவைக்கு எவ்வளவு துணிங்க?

[மாலை 6:58] ரேவதி அக்கா: பார்பி ஆறுல ஒரு பங்கு அளவு. நம்ம புடவை 5.5 மீட்டர், அகலம் 115 செ.மீ. ஆறால வகுத்தா 92-க்கு 19 செ.மீ. நீளத்துல 80 போதும். கணக்கு பாருங்க: முதல் சுத்து 14, கொசுவம் 5 (ஒண்ணுக்கு 4) 20, ரெண்டாவது சுத்து 14, மார்புல இருந்து முந்தானை 30. மொத்தம் 78, ஓரம் மடிக்க 2. மிச்சம் 12 செ.மீ. இடுப்புல குவிஞ்சு தொப்பை காட்டும்.

[மாலை 7:01] ரேவதி அக்கா: நீளம் அகலம் வகுத்துடலாம், துணியோட கனத்தை வகுக்க முடியாது. அங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. இளம்பிள்ளைப் புடவை மிச்சத் துண்டு அழகா இருக்கு, ஆனா பொம்மைக்குக் கட்டினா போர்வை சுத்தின மாதிரி நிக்கும். அதுல இருந்து 1 செ.மீ. சரிகை விளிம்பை மட்டும் வெட்டி எடுத்து, பழைய மல் துணியிலயோ மெல்லிசு துப்பட்டாவுலயோ ஒட்டுத் தையல் போடுங்க. பூ டிசைன்னா பூ 5 மி.மீ.-க்கு மேல இருக்கக் கூடாது. அதுவே நிஜத்துல 3 செ.மீ. பூ.

[மாலை 7:03] நசீமா: தையல் 1.5 மி.மீ. வைங்க. 9 நம்பர் ஊசி. சாதாரணத் தையல் 2.5 வச்சா படத்துல ஒன்றரை செ.மீ. தையலா தெரியும், சாக்கு தைச்ச மாதிரி.

[மாலை 7:04] தீபன்: கொசுவம் நிக்கவே மாட்டேங்குதே அக்கா, விசிறியா விரியுது.

[மாலை 7:15] ரேவதி அக்கா: நம்ம ஊரு ஜவ்வரிசி எதுக்கு இருக்கு? 1 டீஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணி, கண்ணாடியா வேகற வரைக்கும் காய்ச்சி வடிகட்டுங்க. அதே அளவு தண்ணி திரும்ப ஊத்தி ஸ்ப்ரே பாட்டில்ல. கொசுவத்தை மடிச்சு அட்டையில குண்டூசி குத்தி வச்சுட்டுத் தெளிச்சு, காய விட்டு, முடி நேராக்கற மெஷினால மிதமான சூட்டுல ஒரு அழுத்து. கஞ்சி கெட்டியா போனா கருப்பு, கத்திரிப்பூ நிறத்துல வெள்ளைக் கோடு விழும். ஜார்ஜெட்னா நடுவுல ஒரு காட்டன் துணி வைங்க, நேரா வச்சா உருகும்.

[மாலை 7:18] ரேவதி அக்கா: இன்னொண்ணு. சிவப்பு, கருப்பு, கருநீலத் துணியை ஈரம் பண்ணி வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா அந்தத் துணி வேண்டாம். வினைல் சாயத்தை உறிஞ்சிக்கும், அப்புறம் திரும்ப டீச்சரோட முகப்பரு ஜெல்தான்.

[மாலை 7:20] நசீமா: ஜாக்கெட்டுக்கு முதுகுல வெல்க்ரோ வைக்காதீங்க, முடியை இழுத்து நாராக்கிடும். சின்ன கொக்கி, எதிர்ல நூல் கண்ணி.

[மாலை 7:33] ஷெரின்: நகைக்கு எங்கிட்ட 2 மி.மீ. மணி இருக்கு. போதுமா?

[மாலை 7:36] ரேவதி அக்கா: 2 மி.மீ. நிஜத்துல 12. குண்டுமணி மாலையா வேணும்னா சரி. மெல்லிசு சங்கிலிக்கு 15 நம்பர் மணி, ஒன்றரை மி.மீ. வரும். கொலுசுக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிச் சங்கிலி வெட்டித் தருவாங்க, 1 மி.மீ. தடிப்புக்கு மேல வாங்காதீங்க.

சனி

[காலை 8:05] ஜாபர் அண்ணன்: இப்போ படம் எடுக்கறதைப் பேசலாம். ஃபோன்ல எடுக்கறவங்க முதல்ல தானா மேக்ரோவுக்கு (கிட்டத்துப் படம் எடுக்கற முறை) மாறறதை அணைச்சிடுங்க. கிட்டப் போனதும் அது அகல லென்ஸுக்குத் தாவிடும். மூக்கு பெருசா, காது பின்னாடி ஓடிப் போயிடும். 2 மடங்கு இல்லன்னா 3 மடங்கு ஜூம் வச்சு 50 செ.மீ. தள்ளி நில்லுங்க. ஒரு ஆளை 3 மீட்டர்ல இருந்து எடுக்கறதும் இதுவும் ஒண்ணு, ஆறால வகுத்தா அவ்வளவுதான்.

[காலை 8:09] ஜாபர் அண்ணன்: உயரம்: பொம்மை 29 செ.மீ., கண் 27-ல இருக்கும். நின்னுக்கிட்டே எடுத்தா எப்பேர்ப்பட்ட புடவையும் பொம்மைக்குக் கட்டின புடவையாத்தான் தெரியும். ஃபோனைத் தலைகீழாப் பிடிங்க, லென்ஸ் தரைப் பக்கம் வந்துடும். முழு உருவத்துக்கு இடுப்பு உயரம், முகத்துக்குக் கண் உயரம்.

[காலை 8:13] தீபன்: கேமராவுல 50 மி.மீ. லென்ஸ் இருக்கு அண்ணா, துளை எஃப் 1.8 வரைக்கும் திறக்கும்.

[காலை 8:20] ஜாபர் அண்ணன்: 1.8-ல எடுக்காதீங்க தம்பி. அரை மீட்டர்ல தெளிவா விழற ஆழம் 7 மி.மீ.தான். ஒரு கண் தெளிவு, இன்னொரு கண் மங்கல், காது காணாமப் போயிடும். துளையைச் சுருக்கி எஃப் 8 வச்சா 3 செ.மீ. கிடைக்கும், முகம் முழுக்க அடங்கும். வேகம் குறையும், அதுக்கு டிரைபாட், 2 நொடி டைமர். பொம்மை அசையாதுன்னு மெதுவா வைக்கலாம், ஆனா முடி காத்துல ஆடும். ஃபோன்ல போர்ட்ரைட் மோட் வேண்டாம், அது முடியோரத்தை வெட்டிடும்.

ஃபிளாஷ் கிடையாது. வினைல் மூக்கு நுனி பளபளக்கும். ஏ4 அளவு தெர்மாகோல் ஒண்ணு வெளிச்சம் வர்றதுக்கு எதிர்ப்பக்கம் பிடிச்சா போதும். வெயில் நேரா விழுந்தா நடுவுல பட்டர் பேப்பர். இந்த சூப்பர்ஸ்டார் முகம் சிலதுக்குக் கண் ஓரமாப் பார்க்கும். முகத்தை நேரா வைக்காதீங்க, கண் லென்ஸைப் பார்க்கற வரைக்கும் தலையைத் திருப்புங்க.

[காலை 8:41] ஷெரின்: இடம் சொல்றேன். காபிச் செடி நடுவுல நிக்க வைக்கணும்னு எல்லாரும் ஆசைப்படுவீங்க. காபி இலை 12, 15 செ.மீ., பொம்மைக்கு அது 72-ல இருந்து 90 செ.மீ. பக்கத்துல வச்சா காடே பொய்யாத் தெரியும். செடியை ஒரு மீட்டர் பின்னாடி தள்ளி மங்கலா விட்டா பச்சையா அழகா நிக்கும். முன்னாடி பாசி படிஞ்ச கல், சின்ன இலைப் பெரணி. பாசிதான் நமக்குப் புல்வெளி.

[காலை 8:43] ஷெரின்: பழுத்த காபிக்காய் ஒன்றரை செ.மீ. பொம்மை கையில கொடுத்தா 9 செ.மீ. பழம். கூடையில போட வேண்டாம், ஒரே ஒரு காய் கையில வைங்க, ஆப்பிள்னு எடுத்துக்கலாம். பறிக்கறதுக்கு முன்னாடி தோட்டத்துக்காரங்ககிட்ட கேக்கணும். நான் கேட்டு வச்சிருக்கேன், கீழ விழுந்ததை எடுத்துக்கச் சொன்னாங்க.

[காலை 8:50] நசீமா: பகோடா பாயின்ட் போலாமா? அங்க இருந்து பள்ளத்தாக்கு நல்லா விழும்.

[காலை 8:54] ஷெரின்: போலாம், ஆனா காத்துல பொம்மை சாயும். கட்டுக்கம்பியை ரெட்டையா முறுக்கி, புடவைக்கு உள்ள முதுகுப் பக்கம் இடுப்புல ஒரு வளையம் போட்டுக் கொண்டு வாங்க. கீழ் நுனி மண்ணுல 5 செ.மீ. இறங்கணும். பாறையா இருந்தா காலடியில ப்ளூ டேக்னு விக்கற ஒட்டுக் களி, கூட தூண்டில் நரம்பால ஒரு கட்டு. பாறை ஓரத்துல வைக்க வேண்டாம். பையை ஜிப் போட்டே வைங்க, குரங்கு வரும்.

[காலை 8:57] ஷெரின்: ஏரிப்பக்கம் ஞாயித்துக்கிழமை கூட்டம். காலையில 7-ல இருந்து 9 வரைக்கும் தோட்டம், அப்புறம் பகோடா. பனி இறங்கினா நிறுத்த வேண்டாம், பின்னாடி மரமெல்லாம் மறைஞ்சு அளவு பிரச்சினையே இருக்காது. முகத்துல துளி படிஞ்சா மட்டும் இயர்பட்ஸால ஒத்தி எடுத்துடுங்க. 3 மி.மீ. துளி பொம்மை கன்னத்துல 2 செ.மீ. கொப்புளமாத் தெரியும்.

[காலை 9:02] ஜாபர் அண்ணன்: ஏசி கார்ல வர்றவங்க இறங்கினதும் கேமராவை வெளிய எடுக்காதீங்க. பையோட 20 நிமிஷம் இருக்கட்டும், இல்லன்னா லென்ஸ் பூரா ஆவி.

[காலை 9:06] மல்லிகா டீச்சர்: பொம்மையை டேஷ்போர்டுல வச்சுட்டு வராதீங்க. செருப்பு டப்பா, கீழ டிஷ்யூ பேப்பர், நிமிர்ந்து படுக்க வைக்கணும். கொசுவத்துக்கு மேல ஒரு பேப்பர் பட்டி சுத்தி டேப் போட்டா 20 கொண்டை ஊசி வளைவும் தாங்கும்.

[காலை 9:30] தீபன்: ரேவதி அக்கா, தோடு கவரிங்ல ஒரு ஜோடி கிடைச்சது, ரொம்பச் சின்னது. குத்தி அப்படியே விட்டுடலாமா?

[காலை 9:34] ரேவதி அக்கா: படம் எடுக்கறப்ப மட்டும் போடுங்க. கவரிங் உள்ள செம்பு. வினைல்ல மாசக்கணக்கா இருந்தா காது பச்சையாகி, அந்தப் பச்சை கன்னம் வரைக்கும் இறங்கும். 60கள்ல வந்த பல பார்பிக்குக் காது பச்சையானது இதாலதான். வெள்ளிக் கொலுசும் அப்படியே, அதுலயும் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும்.

[காலை 9:35] தீபன்: அப்போ புடவை?

[காலை 9:37] ரேவதி அக்கா: வந்ததும் கழட்டிடுங்க. கஞ்சி போட்ட துணியை அப்படியே மடிச்சு வச்சா கரப்பான் அரிக்கும். அலசிக் காயவச்சு வைங்க, அடுத்த தடவைக்குத் திரும்பக் கஞ்சி போட்டுக்கலாம். பொம்மைக்கு வெள்ளைக் காட்டன்ல ஒரு உள்பாவாடை மட்டும் போதும்.