சப்பாணி: கையா, காலா?

மேலூரான்:
பேரனுக்கு ஒன்பது மாதம். உட்காரவைத்தால் ஓயாமல் கைதட்டுகிறான். "சப்பாணி கொட்டுறான்" என்றேன். மருமகள் முகம் சுருங்கிவிட்டது. "நடக்க முடியாதவங்களைச் சொல்ற வார்த்தை மாமா அது" என்கிறாள். பிள்ளைத்தமிழில் நான்காம் பருவமே சப்பாணிதானே! வடசொல், ச என்றால் கூட, பாணி என்றால் கை. தண்டபாணி, சக்கரபாணியில் இருக்கிற அதே பாணி. கையோடு கை சேர்ப்பது சப்பாணி. கால் விவகாரம் பிறகு வந்து ஒட்டியது.

செங்காந்தள்:
எதற்கெடுத்தாலும் வடக்கே ஓட வேண்டுமா ஐயா? ஸபாணி தமிழில் சபாணி என்றல்லவா ஆகும்? நடுவில் 'ப்' எங்கிருந்து வந்தது? சப்பை, சப்பட்டை, சப்பணம் என்று உறவுக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காலைத் தட்டையாக மடக்கி உட்காருவது சப்பணம். எழுந்து நடக்க முடியாமல் அப்படியே இருப்பவர் சப்பாணி. அந்த வயதுக் குழந்தையும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறது!

வடமராட்சி:
எங்கட பக்கம் "சப்பாணி கட்டி இருந்து சாப்பிடு" என்பார்கள். சம்மணம் போடுவதுதான். யாரும் குறையாக எடுப்பதில்லை.

மேலூரான்:
சரி, பெரியாழ்வார் கண்ணனைச் சப்பாணி கொட்டச் சொல்லி ஒரு பதிகமே பாடியிருக்கிறார். காலாலா கொட்டுவார்கள்?

செங்காந்தள்:
அதற்கு அடுத்த பதிகம் என்ன? தளர்நடை. அதாவது சப்பாணிப் பதிகத்தில் பிள்ளை இன்னும் நடக்கவில்லை. உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறார்.

பொன்னி:
எங்கள் தெருவில் போலியோவால் இரண்டு காலும் சூம்பிப்போன ஒரு மாமா இருந்தார். ரப்பர் செருப்பைக் கைகளில் மாட்டி, ஊன்றி ஊன்றி உடம்பைத் தூக்கி நகர்வார். மழை விட்ட மண்ணில் அவர் போன வழி தெரியும்: இரண்டு செருப்புத் தடம், நடுவில் வேட்டி இழுத்த கோடு. சப்பாணி என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கையால் போகிறவர் என்றால் மேலூரான் ஐயா சொல்லும் பாணியும் பொருந்துகிறதே?

செங்காந்தள்:
பொருந்தும். அதற்காக அதுவே வேர் ஆகிவிடாது.

மேலூரான்:
சப்பாணிக் கருப்பு சாமியை வேண்டிப் பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. வசவாக இருந்தால் வைப்பார்களா என்று மருமகளிடம் கேட்டேன். பொன்னி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்த மாமாவுக்கு யார் வேண்டிக்கிட்டு வச்சாங்க?" என்கிறாள். இனி "கை கொட்டுறான்" என்றே சொல்லிக்கொள்கிறேன். பாணி கைதான், அதில் மாற்றமில்லை.

செங்காந்தள்:
அந்த 'ப்'புக்கு இன்னும் பதில் வரவில்லை ஐயா.