சத்துருவ சிநேகிக்கணும்னா கேஸ வாபஸ் வாங்கணுமா?

குடியாத்தத்தான்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குடியாத்தம் பக்கம் எங்க நெலத்துல பெரியப்பா மவன் வரப்ப வெட்டி உள்ள வந்துட்டான், அத்துக்கல்லையும் காணோம், கேட்டதுக்கு எங்கம்மாவ வாய்க்கு வந்தபடி பேசுனான். கோர்ட்ல கேஸு போயிகினு இருக்கு. இப்ப சபையில ஒரு பெரியவரு மத்தேயு 5:44 காட்டி வாபஸ் வாங்குன்றாரு. மூஞ்சிய பாத்தாலே எரியுது, எங்கேந்து சிநேகிக்கிறது? இன்னா பண்ணலாம்?

காட்பாடி அக்கா:
தம்பி, அவன புடிக்கணும்னு அங்க இல்லவே இல்ல. ஆசீர்வதி, நன்மை செய், ஜெபம் பண்ணு, அவ்ளோதான், எரிஞ்சிகினே கூட செய்யலாம். யாத்திராகமம் 23ல பகையாளி கழுதை சுமையோட படுத்துட்டா தூக்கி வுடுன்னு இருக்கு. (கழுதைய! அவன கட்டிப்புடிக்க சொல்லல.) இயேசுவே சேவகன் அறைஞ்சப்ப ஏன் அடிக்கிறன்னு கேட்டாரு, யோவான் 18:23. ஒடிசால 1999ல ஆஸ்திரேலியா மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் ரெண்டு பசங்களையும் வண்டியோட எரிச்சாங்களே, அவரு மனைவி கிளாடிஸ் மன்னிச்சேன்னாங்க, நம்ம கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி மாதிரி அங்க தொழுநோயாளிங்கள பாத்துக்கற வேலையையும் வுடல. ஆனா கேஸு நடந்துச்சு, எரிச்ச கும்பலுக்கு தலைவன் தாரா சிங்கோட ஆயுள் தண்டனைய 2011ல சுப்ரீம் கோர்ட்டு உறுதி பண்ணுச்சு.

சத்துவாச்சாரி பிரதர்:
அக்கா, அது கொலை, கவர்மெண்ட்டு நடத்துற கேஸு, குடும்பம் மன்னிச்சாலும் நிக்காது. இது பங்காளி தகராறு. 1 கொரிந்தியர் 6ல பவுல் சகோதரன் மேல சகோதரன் கோர்ட்டுக்கு போறதையே திட்டறாரு, நஷ்டத்த பொறுத்துக்கக்கூடாதான்னு கேக்கறாரு. ஆனா அதே எடத்துல, பைசல் பண்ண உங்கள்ல ஒரு விவேகி கூட இல்லையான்னும் கேக்கறாரே. அந்த பெரியவரே ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, சர்வேயர கூப்ட்டு அளந்து கல்லு நட்டு குடுக்கட்டும், அப்பறம் வாபஸ் வாங்கலாம். நெலம் போனவனுக்கு மட்டும் வசனம் சொல்றது ஈஸி.

ராணிப்பேட்டை வாத்தியார்:
நான் கிறிஸ்டின் இல்ல, இருந்தாலும் 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' தான் ஞாபகம் வருது. அவன் வெக்கப்படற மாதிரி நல்லது பண்ணிட்டு அதையும் மறந்துடணும். மறக்கறது தான் கஷ்டம்.

குடியாத்தத்தான்:
பெரியவருகிட்ட பேசறேன் பிரதர். இன்னொன்னு, அவன் போர் மோட்டார் காயில் போயி தென்னங்கன்னு வாடிகினு இருக்கு. எங்க கெணத்துல தண்ணி கீது. ஆனா அவன் வாய தொறந்து கேக்கல.

காட்பாடி அக்கா:
கழுதையும் கேக்காது தம்பி. ஓஸ போட்டு வுடுங்க. வாய்தாவுக்கும் கரெக்டா போங்க.