பயிற்சி நடக்கிறது, பதிவேடு மாறவில்லை: தொலைவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி
எழுதியவர்: வட்டார ஒருங்கிணைப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் பன்னிரண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பயிற்சியும் பணித்துணையும் ஏற்பாடு செய்வது என் வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், இரண்டு அல்லது மூன்று செவிலியர், ஒரு மருந்தாளுநர், பதிவுகளைக் கவனிக்க ஒருவர் என்ற அளவில்தான் ஆட்கள் இருக்கிறார்கள். கடந்த ஆண்டு உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை குறித்து நான்கு ஒருநாள் பயிற்சிகளை நடத்தினோம். வந்தவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்த தேர்வில் மதிப்பெண்கள் நன்றாகவே உயர்ந்தன. அறிக்கையும் அழகாக அமைந்தது.

மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக ஒரு நிலையத்துக்குப் போனபோது இரத்த அழுத்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இருபத்தைந்து பேரின் அளவுகள் இருந்தன. இரண்டைத் தவிர அத்தனையும் சுழியில் முடிந்திருந்தன. 130/80, 140/90, 120/80 என்றே வரிசை போகிறது. அங்குள்ள கருவியின் அளவுகோலில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு உண்டு. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தால் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்து இலக்கங்களும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீதம் வந்திருக்க வேண்டும். அளவெடுக்கும் முறையைப் பற்றி எங்கள் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்ட செவிலியரின் கையெழுத்துதான் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று காலை வெளியே காத்திருந்த கூட்டத்தை நானும் பார்த்தேன்.

இந்த ஆண்டுக்கான திட்டத்தை இப்போது எழுத வேண்டும். இன்னும் அதிகமான வகுப்புகள் வேண்டும் என்கிறார்கள் சிலர்; எல்லாவற்றையும் இணையவழி விரிவுரைகளாக மாற்றிவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர்; ஒருவரை நியமித்து நிலையம் நிலையமாக அனுப்பினால் போதும் என்பது என் மேலதிகாரியின் எண்ணம். இவற்றில் எதற்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது? ஒரே மருத்துவர் இருக்கும் இடத்தில் அவரை வெளியே அழைத்தால் அன்றைக்கு நோயாளிகளைப் பார்க்க ஆளில்லையே, அதற்கு என்ன வழி கண்டிருக்கிறீர்கள்?


பதில் 1
எழுதியவர்: பழைய மேற்பார்வையாளர்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு, நீங்கள் பதிவேட்டைப் புரட்டியதே பாதிப் பதில். தேர்வுத்தாளை நம்பாமல் பதிவேட்டைப் பார்ப்பவர்கள் இந்தத் துறையில் குறைவு.

வகுப்புகள் முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் இதை நிதானமாக அளந்திருக்கின்றன. பயிற்சிக் கூட்டங்களைப் பற்றி 2009இல் வந்த தொகுப்பாய்வு, அவற்றால் விரும்பிய நடைமுறை சுமார் 6 விழுக்காட்டுப் புள்ளிகள் அளவுக்கு மேம்படுவதாகக் கண்டது. ஆனால் சிக்கலான பழக்கங்களை மாற்றக் கூட்டங்கள் மட்டும் போதா என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஒருவர் நேரில் போய்ப் பேசிவரும் முறைக்கு 2007இல் கிடைத்த அளவு 5.6. அவரவர் பதிவுகளைத் தொகுத்து அவரவருக்கே காட்டும் முறைக்கு, 140 ஆய்வுகளை அலசிய 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் 4.3. ஆக, எதுவும் மந்திரக்கோல் அன்று. வருவாய் குறைந்த, நடுத்தர வருவாய் உள்ள நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான பெரிய தொகுப்பாய்வோ, பயிற்சியும் மேற்பார்வையும் சேரும்போது தனித்தனியாக இருப்பதைவிடப் பலன் கூடுகிறது என்றும், குழுவாக உட்கார்ந்து தங்கள் சிக்கலைத் தாங்களே அவிழ்க்கும் முறையும் பயிற்சியும் சேரும்போது இன்னும் கூடுகிறது என்றும் கண்டது. அச்சிட்ட வழிகாட்டியை மட்டும் அனுப்பிவைப்பதால் ஏறக்குறைய எதுவும் நடப்பதில்லை. (நம் அலமாரிகளில் தூங்கும் சுவரொட்டிகளை நினைத்துக்கொண்டேன்.)

ஆகவே உங்கள் மேலதிகாரியின் எண்ணத்தின் பக்கமே நான் நிற்கிறேன். ஆனால் அனுப்பப்படுபவர் எதற்காகப் போகிறார் என்பதை முதலிலேயே தெளிவாக்க வேண்டும். இந்த முறை புதியதன்று. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் 1980களின் தொடக்கத்திலேயே, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் முன்கூட்டியே தடுக்கும் பணிக்காக ஒரு துணையாளர் பொது மருத்துவர்களின் நிலையங்களுக்குச் சென்று, அங்குள்ள செவிலியருக்குப் பயிற்சி தந்து, பதிவுமுறையைச் சீர்செய்து கொடுத்தார். இத்தகைய துணையாளர் கிடைத்த நிலையங்கள் வழிகாட்டு நெறிகளைக் கைக்கொள்ளும் வாய்ப்பு, கிடைக்காதவற்றைப் போல் 2.76 மடங்கு என்று 23 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கணக்கிட்டது.

என் அனுபவத்தில், முதல் முறை போகும்போது எதையும் கற்பிக்கக் கூடாது. ஒரு நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு வெளியேறும் வரை ஓரமாக நின்று பார்க்க வேண்டும். நான் அப்படி நின்ற ஒரு நிலையத்தில், நடந்து வந்த மூச்சு அடங்குவதற்குள் அளவெடுத்தார்கள். கைப்பிடி இல்லாத முக்காலியில் உட்கார்ந்தவரின் கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பருத்த கைக்கும் மெலிந்த கைக்கும் ஒரே சுற்றுப்பட்டைதான். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால் மேல் அளவு சராசரியாக 19.5 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை எழுத அது போதும். அங்கே ஐந்து நிமிடம் உட்காரவைக்க நாற்காலி வேண்டும், கையை இதயத்தின் உயரத்தில் வைக்க மேசை வேண்டும், இன்னொரு பட்டை வேண்டும். இந்த மூன்றையும் எந்த வகுப்பு கொண்டுவந்து தரும்?


பதில் 2
எழுதியவர்: ஒற்றை மருத்துவர்

பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் பயிற்சி பெறும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்குத் துணை செய்ய வருபவர்கள் ஒருவர் இருவர் அல்லர். தாய்சேய் நலத்துக்கு ஒருவர், காசநோய்க்கு ஒருவர், தொற்றா நோய்களுக்கு ஒருவர், தடுப்பூசிக்கு ஒருவர் என்று வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பதிவேட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எவரும் பழைய பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டு போனதில்லை. ஒரே நோயாளியின் பெயரையும் வயதையும் எங்கள் செவிலியர் நான்கு இடங்களில் எழுதுகிறார். சுழியில் முடியும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டீர்கள் அல்லவா? அந்த நான்காவது பதிவேட்டிலிருந்துதான் வருகின்றன. உங்கள் திட்டத்தின் முதல் வேலையாக, நிலையத்தில் நிரப்பப்படும் படிவங்களை எல்லாம் ஒரு மேசையில் பரப்பி, எவற்றை நிறுத்தலாம் என்று மேலிடத்தில் வாதாடிப் பாருங்கள். அதைச் செய்து கொடுத்தவர் அடுத்து என்ன சொன்னாலும் நாங்கள் கேட்போம்.

மருத்துவரை வெளியே அழைப்பது பற்றி: மாற்று மருத்துவரை அனுப்ப முடிந்தால் மட்டும் அழையுங்கள், அதற்கான செலவைப் பயிற்சிச் செலவின் ஒரு பகுதியாகவே திட்டத்தில் எழுதுங்கள். முடியாவிட்டால் எக்கோ என்று அழைக்கப்படும் முறையைப் பாருங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கியது அது. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத் தொலைதூரம் பயணம் செய்து காத்திருந்த நிலையில், கிராமப்புற மருத்துவர்களையும் சிறை மருத்துவர்களையும் வாரந்தோறும் காணொளியில் கூட்டி, அவர்கள் கையிலிருக்கும் நோயாளிகளைப் பற்றியே பேசவைத்து, சிகிச்சையை அவர்களையே செய்யவைத்தார். 2011இல் வெளியான ஒப்பீட்டில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினருக்கும், எக்கோ வழியாகச் சிகிச்சை தந்த நிலையங்களில் 58.2 விழுக்காட்டினருக்கும் நோய் குணமாகியிருந்தது.

இது இணையவழி விரிவுரை அன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விரிவுரையின்போது நான் ஒலியை அடைத்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதியிருக்கிறேன், ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் என் நோயாளி ஒருவரைப் பற்றி நானே எடுத்துரைக்க வேண்டிய நாளில் முந்தின இரவே அவருடைய சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஒரு மணி நேரம் வெளிநோயாளர் பிரிவு மூடியிருக்கும் என்பதை அதிகாரபூர்வமாக அறிவித்துவிட வேண்டும். இல்லையென்றால் கதவைத் தட்டும் முதல் ஆளோடு வகுப்பு முடிந்துவிடும்.

இன்னொன்று. பன்னிரண்டு நிலையங்களையும் தரவரிசைப்படுத்தி எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிடாதீர்கள். அதன் பிறகு உங்களுக்கு வரும் எண்கள் எல்லாம் அழகாகவே இருக்கும்.


பதில் 3
எழுதியவர்: தடுப்பூசிச் செவிலியர்

ஐயா இருவரும் சொன்னது சரி. ஆனால் பயிற்சி பெற்றவர் மாறுதலாகிப் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் தொடவில்லை. தொலைவான இடங்களில் ஆட்கள் தங்குவதில்லை; இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2010இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2021இல் அவற்றைப் புதுப்பித்தது. ஊர்ப்புறத்திலிருந்து வந்தவர்களைப் படிக்கச் சேர்ப்பது, தங்குமிடம், பணி உயர்வு, மேற்பார்வையாளரின் துணை என்று பலவும் அதில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருப்பது, கற்றுக்கொடுத்ததை ஒருவர் தலைக்குள் மட்டும் விட்டுவிடாமல் இருப்பது.

நான் ஒரு நிலையத்தில் பொறுப்பேற்ற அன்று குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெப்பநிலை அட்டையில் காலை, மாலை என இரு வேளையும் 4 டிகிரி என்றே பல வாரங்களுக்கு எழுதப்பட்டிருந்தது. வெப்பமானி கதவருகே தொங்கியது. தடுப்பூசிக் குப்பிகளோ பின்சுவரில் உறைபனியை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. முன்பிருந்தவர் பயிற்சி பெற்றவர்தான். 2 முதல் 8 டிகிரி வரை என்பது அவருக்கு மனப்பாடம். அவர் விடுப்பில் போன காலத்தில் பெட்டியைத் துடைத்து அடுக்கிய உதவியாளரிடம், எதை எங்கே வைக்க வேண்டும் என்று எவரும் சொன்னதில்லை. வெயிலுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்; ஆனால் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தாலே வீரியம் போய்விடும். சந்தேகப்பட்ட குப்பியையும், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய குப்பியையும் குலுக்கி அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கசடு ஒரே வேகத்தில் கீழே படிந்தது; அதாவது சந்தேகப்பட்டதும் உறைந்து கெட்டதுதான். அந்த வரிசை முழுவதையும் கழிக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு பெட்டியின் கதவிலேயே எது எந்தத் தட்டில் என்று படம் வரைந்து ஒட்டினேன். துடைப்பவர் உட்பட எல்லோரையும் ஒன்றாக நிறுத்திக் காட்டினேன். ஆகவே உங்கள் துணையாளர் போகும் நாளில் மருத்துவரையும் செவிலியரையும் மட்டும் கூட்டாமல், பதிவு எழுதுபவர், உதவியாளர், மருந்தாளுநர் என்று எல்லோரையும் உட்காரவைக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒருவர் பொறுப்பேற்கும் முதல் வாரத்தில் அவருக்கு யார், எதைக் காட்டுவது என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: வட்டார ஒருங்கிணைப்பாளர்

மூவருக்கும் நன்றி. நான்கு வகுப்புகளை ஒன்றாகக் குறைத்து, மிச்சமாகும் தொகையில் ஒரு துணையாளரையும் மாற்று மருத்துவருக்கான செலவையும் எழுதப் போகிறேன். முதல் ஆறு மாதம் நான்கு நிலையங்களோடு நிறுத்திக்கொள்வேன். பன்னிரண்டையும் ஒரே ஆள் சுற்றினால் எங்கும் இரண்டாம் முறை போக முடியாது. படிவங்களைக் குறைக்கும் பேச்சை நானே எடுக்கிறேன், வசவு வாங்கினாலும் பரவாயில்லை.

ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. தரவரிசை வேண்டாம் என்கிறார் மருத்துவர். பதிவுகளைத் தொகுத்துக் காட்டுவதில் பலன் உண்டு என்கிறார் பெரியவர். அந்தச் சுழிப் பக்கத்தைச் செவிலியரிடம் எப்படித்தான் காட்டுவது?


பதில் 4
எழுதியவர்: பழைய மேற்பார்வையாளர்

அவரிடம் மட்டும், நேரில், அவருடைய மேசையில் வைத்துக் காட்டுங்கள். தொடக்க நிலை தாழ்வாக இருக்கும்போதும், மேற்பார்வையாளரோ உடன் பணிபுரிபவரோ சொல்லும்போதும், ஒருமுறையோடு விடாமல் பேச்சிலும் எழுத்திலும் திரும்பச் சொல்லும்போதும், எட்ட வேண்டிய அளவையும் அதற்கான வழியையும் சேர்த்துச் சொல்லும்போதும்தான் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது என்று நான் குறிப்பிட்ட 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வே சொல்கிறது. போகும்போது அந்த இன்னொரு சுற்றுப்பட்டையையும் கையோடு கொண்டு போங்கள். பக்கத்தைக் காட்டுவதற்கு முன் பத்துப் பேருக்கு நீங்களே அளவெடுத்து, அதே பதிவேட்டில் எழுதிப் பாருங்கள். எட்டாவது ஆளுக்கு உங்கள் பேனா எந்த இலக்கத்தில் போய் நிற்கிறது என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.