அட்மின் பாஸ்வேர்டு: வைத்து மாட்டியவர்கள், வைக்காமல் மாட்டியவர்கள் இங்கே எழுதலாம்

பள்ளத்தூரான் (தொடங்கியவர்):

என் கதையைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். 2008 வாக்கில் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்கி பட்டாலை ஓரத்தில் வைத்தோம். விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல். அப்பச்சி (அப்பா) அதில் பார்த்தது ஒரே வேலை, படைப்புக் கணக்கு, அதாவது பங்காளிகள் கூடிச் செய்யும் வழிபாட்டுக் கணக்கு. பங்காளிகளில் எத்தனை புள்ளி (குடும்பம்), புள்ளிக்கு எவ்வளவு, யார் கொடுத்தாச்சு, யார் பாக்கி. எல்லாம் ஒரே எக்செல் ஃபைல்.

என் பெயரில் ஒரு அக்கவுண்ட் போட்டு, அதற்கு எட்டெழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தேன். கொஞ்சம் பெருமைகூட. ஒரு கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து ஆச்சி (அக்கா) வீட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கின. மறுநாள் மத்தியானம் பார்த்தால் மூத்தவன் கம்ப்யூட்டரில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். "எப்படிடா உள்ளே போனே?" என்றேன்.

அவன் செய்துகாட்டினான். வரவேற்புத் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து இரண்டு தடவை அழுத்தினான். பழைய மாடல் லாகின் பெட்டி வந்தது. பெயர் இருக்கும் இடத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று அடித்தான். பாஸ்வேர்டு கட்டத்தைத் தொடவே இல்லை. என்டர். அவ்வளவுதான். "அம்மான், முகப்பைப் பூட்டிட்டுக் கொல்லைக் கதவைத் தொறந்து போட்டிருக்கீங்க" என்று சிரிப்பு வேறு.

எக்ஸ்பி போடும்போதே அட்மினிஸ்ட்ரேட்டருக்கு, அதாவது கம்ப்யூட்டர் முழுவதையும் ஆளும் அக்கவுண்டுக்கு, பாஸ்வேர்டு கேட்கும். கடைக்காரப் பையன் அதை வெறுமனே விட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறான். நான் பூட்டியது என் அறையை மட்டும்.

விளையாட்டோடு வைரஸும் வந்து சேர்ந்தது. ஃபோல்டரெல்லாம் ஃபோல்டர் மாதிரியே இருக்கும், கிளிக் செய்தால் ஒன்றும் திறக்காது. கடைசியில் ஃபார்மட். பென்டிரைவில் முந்தின வருஷக் காப்பி இருந்ததால் பழசு தப்பியது. அந்த வருஷக் கணக்கை அப்பச்சி சிட்டையை (கணக்கு நோட்டு) பார்த்து மறுபடி ஏற்றினார்கள், நாலு ராத்திரி. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

செக்காலை ரோடு:

எக்ஸ்பி காலத்தில் காரைக்குடியில் நான் பிரித்த பெட்டிகளில் பாதி இப்படித்தான் இருந்தன. ஹோம் எடிஷன் என்றால் அந்த அக்கவுண்ட் சேஃப் மோடில் (கோளாறு பார்க்கும் நிலை) போனால்தான் கண்ணுக்கே தெரியும், அதிலும் பாஸ்வேர்டு காலி. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டை முடக்கித்தான் தருகிறார்கள். யாராவது யூடியூப் பார்த்து அதை எழுப்பிவிட்டீர்கள் என்றால், கையோடு பாஸ்வேர்டும் போடுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் படுக்க வையுங்கள். கட்டளைத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளிகூட விழாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டித் தட்டிப் பார்த்து, என்ன அடித்தோம் என்றே தெரியாமல் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. எக்ஸ்பியில் வேறொரு அட்மின் உள்ளே புகுந்து உங்கள் பாஸ்வேர்டை மாற்றினால், நீங்கள் விண்டோஸிலேயே என்கிரிப்ட் செய்து வைத்த ஃபைல்கள் உங்களுக்கே திறக்காது. பிள்ளைகள் விளையாடியதோடு விட்டார்கள், சந்தோஷப்படுங்கள்.

இரண்டாங்கட்டு:

எங்கள் மாமனார் கதை வேறு. அட்மின் பாஸ்வேர்டு போடப் போகிறேன் என்று உட்கார்ந்தவர் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்புக்குள், போய் சூப்பர்வைசர் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டார். ஒரு வாரத்தில் மறந்தும் போனார். கேட்டால், "ஏதோ வேல் முருகன்னு வர்ற மாதிரி வச்சேன், எத்தனை எல்லுன்னு ஞாபகமில்லை."

டெஸ்க்டாப் என்பதால் பிழைத்தோம். மூடியைக் கழற்றி, மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை, அதாவது சிஆர் 2032, கொஞ்ச நேரம் எடுத்து வைத்துத் திரும்பப் போட்டதும் பாஸ்வேர்டு போய்விட்டது. லேப்டாப்பில் பெரும்பாலும் இது நடக்காது, முயற்சி செய்யாதீர்கள்.

பாஸ்வேர்டோடு தேதியும் போய்விட்டது. கடிகாரம் பல வருஷம் பின்னால். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை, பாதுகாப்பில்லை என்று சிவப்பு எச்சரிக்கை. யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று மாமனார் ஒயரையே பிடுங்கிவிட்டார். தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது. அதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

கந்தரப்பம்:

😂 எத்தனை எல்லு!

தேவகோட்டை டீச்சர்:

வீட்டில் இரண்டு அக்கவுண்ட் வைத்திருக்கிறேன். அட்மின் ஒன்று, அதற்கு நீளமான பாஸ்வேர்டு. தினமும் புழங்குவது சாதாரண அக்கவுண்ட், பிள்ளைகளுக்கும் அதுதான். எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். அட்மினாகவே உட்கார்ந்திருந்தால் 'ஆமா, இல்லை' மட்டும்தான் கேட்கும், பிள்ளைகள் படிக்காமலே 'ஆமா'வை அழுத்தும்.

நான் எழுத வந்தது பாதுகாப்புக் கேள்விகளைப் பற்றி. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து லோக்கல் அக்கவுண்டுக்கு (அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் உள்ளது) மூன்று கேள்வி வைக்கச் சொல்கிறது. பாஸ்வேர்டு மறந்தால் அதற்குப் பதில் சொல்லி உள்ளே வரலாம். பிறந்த ஊர் எது? முதல் பள்ளிக்கூடம் எது? மூத்த கசின் பெயர் என்ன? நம் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட முதலில் கேட்பதே எந்த ஊர், எந்தக் கோயில் என்றுதான்! மூத்த கசின் பெயருக்கு யோசிக்கவே வேண்டாம், ஐயா (தாத்தா) பெயரைத்தான் வைத்திருப்பார்கள்.

என் பையன் அப்படித்தான் என் அட்மின் அக்கவுண்டைத் திறந்தான், வயது பதிமூன்று. மூன்று பதிலும் சரி. இப்போது பிறந்த ஊர் என்ற இடத்தில் ஒரு பலகாரத்தின் பெயர் இருக்கிறது. எது என்று இங்கே சொல்ல மாட்டேன், அவனும் இதைப் படிக்கிறான்.

வளவுப்பிள்ளை:

தேவகோட்டை டீச்சர், வெள்ளைப் பணியாரமா?

தேவகோட்டை டீச்சர்:

இல்லை. போய்ப் படி.

கொத்தமங்கலம் பேத்தி:

எங்களுடையது பாஸ்வேர்டுக்கும் மேலே. அம்மான் அமெரிக்காவிலிருந்து ஆயாவுக்கு ஒரு விண்டோஸ் 11 லேப்டாப் அனுப்பினார்கள், வீடியோ காலில் பேச. அக்கவுண்ட் அம்மான் பெயரில். போன தை மாதம் பயாஸ் அப்டேட் என்று ஏதோ ஓடியது, முடிந்ததும் நீலத்திரை. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) ரெக்கவரி கீயைக் கொடு என்கிறது. 48 இலக்கம்.

அந்தச் சாவி அம்மானுடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில்தான் இருந்தது. அங்கே நடுராத்திரி. எழுப்பி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அம்மான் தூக்கக் கலக்கத்தில் படிக்க, ஆயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்கள். ஒவ்வொரு ஆறையும் மொய் வாசிக்கிற மாதிரி சத்தமாகத் திருப்பிச் சொல்லி, "சரியா? அடுத்தது சொல்லப்பா" என்று. நான் அடித்தேன், முதல் தடவையே திறந்தது.

அந்தத் தாளை நான் கசக்கப் போனேன். ஆயா பிடுங்கி மடித்து, பெட்டகத்தில் நகைச் சிட்டையோடு வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

செக்காலை ரோடு:

ஆயா கடைக்கு வேலைக்கு வருவார்களா? போன வாரம்கூட ஒரு லேப்டாப், அந்தச் சாவி யாரிடமும் இல்லை. கல்யாண போட்டோ எல்லாம் அதற்குள். ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

குளிப்பிறை:

பழைய சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்கள் நம் லாக்கை (Num Lock, எண் விசைப் பூட்டு) பாருங்கள். அது போட்டிருந்தால் ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 விழும், யூ, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6. என் பாஸ்வேர்டு ஊர்ப் பெயர், முதல் மூன்று எழுத்துமே இதில் மாட்டும். திரையில் எல்லாம் ஒரே புள்ளி. இரண்டு நாள் என் ஞாபக சக்தியைச் சந்தேகப்பட்டேன்.

கந்தரப்பம்:

பாஸ்வேர்டு ஊர்ப் பெயர் என்கிறீர்கள். இங்கே உங்கள் பெயரும் அதுதானே?

குளிப்பிறை:

இப்போது மாற்றிவிட்டேன்.

பள்ளத்தூரான் (தொடங்கியவர்):

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள், அந்த எக்ஸ்பி பெட்டி என்ன ஆனது என்று. இருக்கிறது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். அன்றைக்கே நெட் ஒயரைக் கழற்றிவிட்டோம். அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாயிற்று, அப்பச்சியே போட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. சிட்டையின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதாக ஆத்தா சொன்னார்கள். இந்த வருஷப் படைப்புக் கணக்கும் அதில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. என் பங்கு பாக்கி என்று நேற்று போன் வந்தது.