ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆரம்பநிலைப் பயிற்சி: தகுதி என்ன, செலவை யார் ஏற்பார்கள்?

கேள்வி: கோபி வட்டத்துத் தாய்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் மகள் 32 வாரத்திலேயே பிறந்தவள். பிறந்தபோது 1,600 கிராம் எடை இருந்ததால் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது அவளுக்குப் 14 மாதம் நிறைகிறது. சுவரோடு சாய்த்து வைத்தால் உட்காருகிறாள். கையை எடுத்துவிட்டால் பக்கவாட்டில் சரிந்துவிடுகிறாள். அவளுடைய அம்மிச்சி (என் அம்மா) வளையலைக் காட்டி விளையாடும்போது எந்தப் பக்கம் காட்டினாலும் வலக்கையைத்தான் நீட்டுகிறாள். இடக்கைப் பெருவிரல் பெரும்பாலான நேரம் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கிறது.

குறைமாதப் பிள்ளை அப்படித்தான் இருக்கும், இவளுடைய தாய்மாமனே ஒன்றரை வயதில்தான் நடந்தான், அவசரப்படாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஈரோட்டில் உள்ள ஒரு தனியார் இயன்முறை (பிசியோதெரபி) மையத்தில் காட்டியபோது, வாரத்துக்கு மூன்று முறை அழைத்து வர வேண்டும், ஒரு முறைக்கு 500 ரூபாய் என்றார்கள். என் கணவர் பெருந்துறை சிப்காட்டில் ஓர் ஆலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார், இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. அரசு வழியில் இந்தப் பயிற்சியைப் பெற முதலில் மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும் என்கிறார் ஒருவர். இவ்வளவு சிறிய குழந்தைக்குச் சான்று தரமாட்டார்கள், ஐந்து வயதாகட்டும் என்கிறார் இன்னொருவர். சான்று இல்லாமல் எங்களால் எதையும் தொடங்க முடியாதா? செலவை ஏற்க உண்மையில் என்ன வழிகள் உள்ளன? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், பவானி

அம்மணி, முதலில் மனத்தில் உள்ள முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன். பயிற்சி தொடங்குவதற்குச் சான்று வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ், பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, குழந்தைப் பருவ நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில் அடங்கும் 30 நிலைகளுக்குப் பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் கட்டணமின்றித் தரப்படுகின்றன. அந்தத் திட்டத்தில் பிறப்பு முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்காக ஏற்படுத்தப்பட்டதே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். அங்கே சேர்வதற்கான தகுதி, குழந்தையின் வயதும் அதன் வளர்ச்சியில் காணப்படும் தாமதமும்தாம். வருமானச் சான்றோ, ஊனத்தின் விழுக்காடோ வாசலில் கேட்கப்படுவதில்லை. செலவை மத்திய அரசும் மாநில அரசும் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் வழியாக 60க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன.

இனி, காத்திருக்கலாமா என்ற கேள்வி. குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது இரண்டு வயது வரை திருத்திய வயதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது உண்மை. அந்த அளவில் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாற்பது வாரத்தில் பிறக்க வேண்டியவள் எட்டு வாரம் முன்னதாகப் பிறந்திருக்கிறாள். ஆகவே 14 மாதத்தில் ஏறத்தாழ இரண்டு மாதத்தைக் கழித்துப் பன்னிரண்டு மாதக் குழந்தையாக அவளைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், தனியாக நடக்கத் தொடங்குவதற்கு 17.6 மாதம் வரை இடம் உண்டு. எனவே தாய்மாமன் ஒன்றரை வயதில் நடந்ததில் வியப்பில்லை, இவள் இன்னும் நடக்கவில்லையே என்று நீங்கள் கலங்கவும் வேண்டாம். ஆனால் பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கு அதே அளவுகோலில் உள்ள மேல்வரம்பு 9.2 மாதம். திருத்திய வயதிலும் அந்த வரம்பைத் தாண்டிய பிறகும் இவள் தனியாக உட்காரவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வளையல் செய்திதான். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதும், மறுகையின் பெருவிரல் மடங்கியே இருப்பதும் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டிய அறிகுறிகள். அது என்ன நோய் என்று நான் பெயர் வைக்கப்போவதில்லை. அது குழந்தை நல மருத்துவரின் வேலை.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ பார்த்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமிருந்து பரிந்துரைச் சீட்டு பெறுங்கள். நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் என்பதற்காக அந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மையம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும்; எங்கே, எந்த நாளில் போக வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 104 என்ற எண்ணிலும் வழிகாட்டுவார்கள். குழந்தை நல மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்றுநர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர் என்று ஒரே கூரையின்கீழ் பார்ப்பதற்காகவே அந்த அமைப்பு திட்டமிடப்பட்டது. எல்லாப் பணியிடமும் எல்லா நேரமும் நிரம்பியிருக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். இல்லாதவருக்கு மருத்துவமனையின் வேறு பிரிவுக்கு அனுப்புவார்கள், அதற்காக மனம் சலித்துத் திரும்பிவிடாதீர்கள்.

ஒரு செய்தியைக் கேட்காமல் விட மனமில்லை. 2,000 கிராமுக்குக் குறைவான எடையிலோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். அது நடந்ததா என்று, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த வெளியேற்றச் சுருக்கத்தில் பாருங்கள். செவித்திறன் பரிசோதனை நடந்ததா என்பதையும் அதிலேயே பார்த்துவிடுங்கள். நடக்கவில்லை என்றால் கை கால் பயிற்சியோடு சேர்த்து இதையும் முதல் நாளிலேயே சொல்லுங்கள். கேட்கும் திறனில் குறை இருந்து, உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த நேர்ந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு ஆறு வயது வரைதான் இடம் உண்டு.

பதில் 2: இரண்டு பிள்ளைகளின் தந்தை, திருப்பூர்

செவிலியர் அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். ஆயினும் சான்றே தேவையில்லை என்று அதை அப்படியே விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. பயிற்சிக்குத்தான் சான்று வேண்டாம், பணத்துக்கு வேண்டும். என் இளைய மகனுக்கு மூளை முடக்குவாதம். சான்று வாங்குவதைத் தள்ளிப்போடு, பெண் எடுக்கும் வீட்டில் பேசுவார்கள் என்றெல்லாம் உறவில் சிலர் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்று கிடைத்துவரும் உதவிகள் எங்களுக்கு வந்திருக்காது.

ஐந்து வயது வரை சான்று கிடையாது என்பது சரியன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு என்று எழுதமாட்டார்கள். பரவலான வளர்ச்சித் தாமதம் என்று எழுதித் தற்காலிகச் சான்று தருவார்கள், பின்னர் அதைப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு பார்த்து விழுக்காட்டை நிர்ணயித்த பிறகு, தனித்துவ அடையாள அட்டை வரும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்பதே எல்லைக்கோடு.

மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 விழுக்காடு இருந்தாலே போதும். கை கால் பாதிப்பு என்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில் 75 விழுக்காடு வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் 50, 60 விழுக்காட்டுச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து ஏமாந்து திரும்பும் பெற்றோரை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக வாசலில் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். விண்ணப்பித்தவுடன் தொகை வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். எங்களுக்கு நீண்ட காலம் ஆயிற்று.

அதைவிட விரைவில் பயன் தரக்கூடியது நிராமயா காப்பீடு. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே உரியது. வயது வரம்பு இல்லை, முன்பரிசோதனையும் இல்லை. ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500 ரூபாய். மருத்துவமனையில் படுக்காமல் வந்துபோய்ச் செய்துகொள்ளும் பயிற்சிகளுக்கும் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் பணம் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான காப்பீடுகள் கைவிரிக்கும் இடம் அதுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டு அன்றாட இயன்முறைப் பயிற்சிக்குப் பணம் பெறலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும்தான் உதவும். அதற்கும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 18,000 என்றால் நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள்.

ஆகவே உங்களுக்கு இ.எஸ்.ஐ.தான் கை கொடுக்கும். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளியின் குழந்தைக்கும் அதில் மருத்துவ உரிமை உண்டு. குழந்தையின் பெயர் கணவரின் இ.எஸ்.ஐ. கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு அதைச் செய்ய மறந்துவிடும் குடும்பங்கள் பனியன் கம்பெனிகளில் ஏராளம். மருந்தகத்தில் பரிந்துரை வாங்கினால் கோவை சிங்காநல்லூரில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை போகலாம்.

பதில் 3: இயன்முறைப் பயிற்றுநர், வட்டார வள மையம்

மேலே இருவரும் சொல்லாத ஒரு வழி உங்கள் ஊருக்கு மிக அருகில் இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில், உள்ளடங்கிய கல்வி என்ற பிரிவு பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. பள்ளிக்கூடத்துத் திட்டம்தானே என்று எண்ணிப் பெற்றோர் மூன்று, நான்கு வயது வரை எங்களிடம் வருவதே இல்லை. ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டார வள மையம் உண்டு; அங்கே இயன்முறைப் பயிற்சியும் சிறப்புப் பயிற்றுநரும் கிடைக்கும், வர முடியாத குழந்தைக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவ முகாமில் மருத்துவர்களே வந்து பார்ப்பதால், சான்றுக்காக மாவட்டத் தலைநகருக்கு அலைவதும் குறையும்.

திருப்பூர் அண்ணன் சான்றை உடனே வாங்கச் சொல்வதில் எனக்கு ஒரு சிறு மாற்றுக் கருத்து உண்டு. நோயறிதல் உறுதியாகும் முன்பே விழுக்காட்டுக்காக வரிசையில் நிற்பதில் பயனில்லை. மருத்துவர் நிலையைப் பெயரிட்டு எழுதித் தரட்டும். அந்தத் தாளோடு விண்ணப்பித்தால் குழுவுக்கும் எளிது, உங்களுக்கும் மறுமுறை அலைச்சல் இல்லை.

அடுத்தது, வாரம் மூன்று முறை என்ற கணக்கு. மாதம் 6,000 ரூபாயும் அதற்கு மேல் போக்குவரத்துச் செலவும் 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் தாங்காது. மகளிருக்குக் கட்டணமில்லை என்பது சாதாரண நகரப் பேருந்துக்கே. கோபியிலிருந்து ஈரோடு போகும் வண்டிக்குச் சீட்டு எடுத்தே தீர வேண்டும். கடன் வாங்கி இரண்டு மாதம் போய்விட்டு, பிறகு அடியோடு நிறுத்திவிடும் குடும்பங்களே அதிகம். இந்த வயதில் பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்க வேண்டும். பயிற்றுநர் தன் கையால் செய்து முடித்து அனுப்புவதைவிட, குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி இடுப்பில் வைப்பது, இடக்கையைப் பயன்படுத்த வைக்கும்படி எந்தப் பக்கம் பொருளைக் காட்டுவது என்று தாய்க்கும் அம்மிச்சிக்கும் செய்து காட்டுபவரே உங்களுக்கு வேண்டியவர். எந்த மையத்துக்குப் போனாலும், நான் செய்து பார்க்கிறேன், திருத்துங்கள் என்று கேளுங்கள். தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தாலும் மாதம் ஓரிரு முறை போய் அடுத்த கட்டத்தைக் கற்றுவந்தால் போதுமா என்று பேசிப் பாருங்கள். நடைவண்டியில் உட்கார வைப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

கோபி வட்டத்துத் தாய்

மூவருக்கும் நன்றி. வெளியேற்றச் சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன்; கண் பரிசோதனை நடந்திருக்கிறது, செவித்திறனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செவிலியர் அம்மா, நாளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்? அங்கே, ஒன்றுமில்லை, பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

பதில் 1 (தொடர்ச்சி): ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், பவானி

தாய் சேய் நல அட்டை, வெளியேற்றச் சுருக்கம், பிறப்புச் சான்று, உங்கள் ஆதார், கணவரின் இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் இரண்டிரண்டு இருக்கட்டும். வளையலுக்குக் கை நீட்டும்போதும், உட்கார வைத்தபின் சரியும்போதும் கைப்பேசியில் சிறு காணொளி எடுத்து வையுங்கள். புதிய இடத்தில் குழந்தை அழுதுகொண்டே இருந்தால் மருத்துவரால் எதையும் பார்க்க முடியாது, அப்போது அந்தக் காணொளி பேசும். பொறுத்துப் பாருங்கள் என்றால், திருத்திய வயது 12 மாதம், இன்னும் தனியாக உட்காரவில்லை, இடக்கையைப் பயன்படுத்துவதில்லை என்ற மூன்றையும் புறநோயாளிச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். அவற்றை எழுதத் தொடங்கும் மருத்துவர் பரிந்துரையையும் எழுதிவிடுவார். அப்படியும் எழுதாவிட்டால் அந்தச் சீட்டோடு நேரே மாவட்ட மையத்துக்குப் போங்கள்; பரிந்துரை இல்லாமல் பெற்றோர் தாமாகவே குழந்தையை அழைத்துவந்தாலும் அங்கே பதிவு செய்துகொள்வார்கள்.